ஒரு பழைய கண்டாங்கி, ஆறு ரவிக்கைத் துணி: சாப்பாட்டு மேசைக்கு வண்ண மேட் தைக்கும் முழு வழிகாட்டி

சாப்பாட்டு மேசைக்கு டேபிள் மேட் தைக்க உட்காரும் பலரும் செய்வது இது. அழகான துணியை எடுத்து, நட்டநடுவில் ஒரு பூவையோ மயிலையோ பாடுபட்டுத் தைத்து முடிப்பார்கள். அப்புறம் அதன்மேல் 11 இன்ச் எவர்சில்வர் தட்டு உட்காரும். மயில் போய்விடும்.

தட்டு வைத்த பிறகு கண்ணில் படுவது ஓரம்தான். இதை மட்டும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொண்டால் எந்தத் துணியை எங்கே வைப்பது என்பது தானாகவே தெளிவாகும். கீழே இருப்பது ஆறு மேட்டுக்கான கணக்கு. தையல் மெஷினில் நேர்த்தையல் போட வந்தால் போதும். கையால் தைப்பவர்களுக்கும் இதே வரிசைதான், நாள் மட்டும் கூடும்.

1. துணியைத் தொடும் முன் செய்தித்தாள்

வழக்கமான அளவு 18க்கு 13 இன்ச். ஆனால் அது உங்கள் மேசைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. செய்தித்தாளை அந்த அளவில் வெட்டி, எத்தனை பேர் உட்காருவீர்களோ அத்தனையையும் மேசையில் விரியுங்கள். மேலே நீங்கள் தினமும் சாப்பிடும் தட்டை வையுங்கள், டம்ளரையும் வையுங்கள். நடுவில் குழம்புப் பாத்திரமும் சாதப் பாத்திரமும் வைக்க இடம் இருக்கிறதா?

மேசையின் அகலம் 3 அடி என்றால் எதிரெதிரே இரண்டு மேட் 26 இன்ச்சை எடுத்துக்கொள்ளும், நடுவில் 10 இன்ச் மிஞ்சும். ஒரு நடுத்தரப் பாத்திரம் நிற்கும். அகலம் இரண்டரை அடிதான் என்றால் மிஞ்சுவது 4 இன்ச், ஊறுகாய் பாட்டில் மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட மேசைக்கு 16க்கு 12 போதும். நீளவாக்கில் ஒருவருக்கு 2 அடி விட்டால் முழங்கை இடிக்காது.

வட்ட மேசையில் சதுர மூலைகள் உள்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். உள்பக்க விளிம்பைக் குறுக்கி, விசிறிபோல் தாளை வெட்டிப் பார்த்து, அதையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத் துணியில் வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான் வரும்.

2. என்ன தேவை, எவ்வளவு

ஒரு பழைய பருத்திப் புடவை. செட்டிநாட்டுக் கண்டாங்கி இருந்தால் நல்லது, அதன் அகலமான கரையும் கட்டமும் இதற்கென்றே நெய்ததுபோல் இருக்கும். சுங்குடியும் சரி, வேறு கைத்தறிப் புடவையும் சரி. ஐந்தரை மீட்டர் நீளம், அதாவது சுமார் 216 இன்ச். மேட்டின் இரு ஓரத்துக்கான பக்கத்துண்டு, அடியில் வரும் அடித்துணி, விளிம்பைச் சுற்றி மூடித் தைக்கும் பட்டையான பைப்பிங் மூன்றும் இந்த ஒரே புடவையிலிருந்து வந்துவிடும்.

நடுப்பகுதிக்கு ஆறு ரவிக்கைத் துணிகள், ஆளுக்கொரு நிறம். கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு இப்போதுதான் விடுதலை. ஆனால் அவற்றில் பாதி பாலியஸ்டர் கலந்தவை. ஓரத்தில் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, அடுப்படித் தொட்டிக்குமேல் நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் மணத்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். மணியானதை ஒதுக்குங்கள். அது சிந்தியதை உறிஞ்சாது, தட்டும் அதன்மேல் வழுக்கும், சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் சுருங்கும்.

உள்ளே வைக்க இரண்டு ஈரிழைத் துண்டுகள். 30க்கு 60 இன்ச் துண்டில் 20க்கு 15 அளவில் கணக்குப்படி ஆறு கிடைக்கும். ஆனால் துவைத்துத் துவைத்து அது சுருங்கியிருக்கும், ஓரத்தையலையும் வெட்ட வேண்டும். அதனால் இரண்டாக வைத்துக்கொள்வதே நிம்மதி. கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பை வைத்தால் மேட் மெத்தைபோல் உப்பி டம்ளர் ஆடும். தடித்த டர்க்கி டவல் வைத்தால் மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, நாற்றம் வந்துவிடும். ஈரிழைத் துண்டு மெல்லியது, உறிஞ்சும், சீக்கிரம் காயும்.

மெஷினுக்கு 14ஆம் நம்பர் ஊசி. நாலு மடிப்பு வரும் மூலைகளுக்கு 16. பழைய ஊசியோடு தொடங்காதீர்கள், மழுங்கிய ஊசி பல அடுக்குத் துணியில் தையலைத் தாண்டித் தாண்டிப் போடும். கத்தரி, சாக்பீஸ், நீளமான ஸ்கேல், குண்டூசி, நூல் இவ்வளவுதான் மற்றவை.

3. துவைத்து, சாயம் பார்த்து, கஞ்சி போட்டு

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். நானும் தாண்டியிருக்கிறேன். முதன்முதலில் தைத்த ஆறு மேட்டுக்கும் புத்தம்புது சிவப்புத் துணியில் பைப்பிங் வைத்தேன். முதல் துவைப்பில் ஆறும் ரோஸ் நிறமாகின. பைப்பிங் சுருங்கி, மேட்டுகள் அப்பளம்போல் நெளிந்துவிட்டன. தூக்கிப் போட மனமில்லாமல் ஒரு வருடம் சமையலறைத் துடைதுணியாக ஓட்டினேன்.

காரணம் எளிது. புதுப் பருத்தி துவைத்தால் சுருங்கும். புடவை பலமுறை துவைத்துச் சுருங்கி முடித்தது. ரவிக்கைத் துணி தண்ணீரையே பார்க்காதது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டுத் துவைத்தால் ஒன்று நிற்கும், மற்றொன்று இழுக்கும். ஆகவே எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்து, துவைத்து, காயவையுங்கள்.

சாயம் பார்க்க, ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் தனியாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மூன்று தடவைக்கு மேலும் தண்ணீர் தெளியவில்லையா, அந்தத் துணி இதற்கு வேண்டாம். கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயத்தை நூலில் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. ஏறி முடிந்து, ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை அது பிடித்து வைக்காது.

புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடைபோல் தெரியும். தோளில் ஊக்கு குத்திய இடத்தையும் தரையில் உரசிய கீழ்க்கரையையும் கவனியுங்கள். இரு கையாலும் இழுத்தால் கிழியும் இடம் எதற்கும் உதவாது.

கடைசியாக லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள். பழைய புடவை கத்தரிக்கடியில் வழுக்கி ஓடும், கஞ்சி அதைத் தாள்போல் நிற்க வைக்கும். வெட்டும் அளவு தவறுவது பெரும்பாலும் கஞ்சி போடாத துணியில்தான்.

4. நிறத்தை இருட்டில் தேர்ந்தெடுக்காதீர்கள்

துணிகளைச் சாப்பாட்டு மேசைமீதே விரித்து, இரவு விளக்கைப் போட்டுப் பாருங்கள். பகலில் பளிச்சென்ற கருநீலம் மஞ்சள் விளக்கில் கறுப்பாகத் தெரியலாம். குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுவது பெரும்பாலும் இரவில்தான், அந்த வெளிச்சத்தில் நன்றாக இருப்பதே கணக்கு.

ஆறும் ஆறு நிறமாக இருக்கலாம். பக்கத்துண்டும் பைப்பிங்கும் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் ஆறும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல் தெரியும். ஆளுக்கொரு நிறம் வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குஷி, 'பச்சை என்னுது' என்று தானே ஓடிவந்து விரிக்கும். எங்கள் தெருவில் சாப்பிட வராமல் அடம்பிடித்த ஒரு பையன் மேட்டுக்காக மேசைக்கு வந்தான். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள்.

வெள்ளையும் வெளிர் நிறங்களும் வேண்டாம். நம் சமையலில் மஞ்சள் இல்லாத பொழுது குறைவு. கடுகு மஞ்சள், மெரூன், கரும்பச்சை, செங்கல் நிறம் இவை கறையை விழுங்கும். எவர்சில்வர் தட்டு எந்த நிறத்தோடும் சேரும், அடர்நிறத்தின்மேல் இன்னும் பளபளக்கும்.

5. வெட்டும் அளவு

முடிந்த மேட் 18க்கு 13. ஆனால் மேல் துணியை 19க்கு 14 வருமாறு வெட்ட வேண்டும். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது துணி உள்ளே இழுபட்டுக் கொஞ்சம் சிறுக்கும். முதலிலேயே 18க்கு 13 என்று வெட்டியவர்களின் ஆறு மேட்டும் ஆறு அளவில் முடியும்.

மேல் துணி மூன்று துண்டு. நடுத்துண்டு பன்னிரண்டரைக்கு 14, ரவிக்கைத் துணியில். பக்கத்துண்டுகள் மூன்றே முக்காலுக்கு 14, புடவைக் கரையில். கால் இன்ச் விட்டுத் தைத்தால் மூன்றும் சேர்ந்து சரியாக 19 வரும். பன்னிரண்டு பக்கத்துண்டுக்கு 168 இன்ச் கரை வேண்டும், புடவையின் ஒரு பக்கக் கரையே தாராளம். கரை ஒல்லியாக இருந்தால் ஒட்டிய உடலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள்.

அடித்துணியும் உள்துணியும் 20க்கு 15. மேல் துணியைவிட எல்லாப் பக்கமும் அரை இன்ச் வெளியே நிற்க வேண்டும். தைக்கும்போது கீழடுக்கு நகரும், அப்போது இந்த அரை இன்ச்தான் காப்பாற்றும்.

பைப்பிங்குக்கு இரண்டரை இன்ச் அகலப் பட்டை. ஒரு மேட்டின் சுற்றளவு 62 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்தால் 72. புடவையை நீளவாக்கில் வெட்டினால் ஒரு பட்டையே 216 இன்ச், மூன்று மேட்டுக்குக் கணக்காக வரும். அதாவது இரண்டே பட்டை, நடுவில் ஒட்டுத்தையலே கிடையாது. கடையில் வாங்கிய 44 இன்ச் அகலத் துணியில் இதையே செய்தால் மேட்டுக்கு இரண்டு பட்டை வெட்டி ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ரவிக்கைக் கழுத்துக்குப் போல் கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்ட வேண்டுமோ என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். விளிம்பு நேராக இருக்கும்போது நேர்ப்பட்டை போதும். மூலையை வட்டமாக வெட்டினால் மட்டுமே கிராஸ்.

வெட்டும்போது ஒரு நூலை உருவி, அந்தத் தடத்தில் கத்தரியை ஓட்டுங்கள். சாக்பீஸ் கோட்டைவிட நூல் தடம் நேராக இருக்கும். நூலுக்குக் கோணலாக வெட்டிய மேட் முதல் துவைப்பிலேயே ஒரு மூலையைத் தூக்கும்.

6. முதலில் ஒன்றே ஒன்று

ஆறையும் வெட்டியாயிற்று என்று ஆறையும் தைக்கத் தொடங்காதீர்கள். ஒன்றை மட்டும் கடைசிவரை முடித்து, மேசையில் போட்டு, ஒருவேளை சாப்பிட்டுப் பாருங்கள். அளவு, தடிமன், நிறம் மூன்றும் சரியென்றால் மீதி ஐந்தையும் ஒன்றாக எடுங்கள். அப்போது ஐந்துக்கும் ஒரே படியை முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போவதுதான் வேகம்.

7. மேல் துணியை இணைத்தல்

நடுத்துண்டின் இரு பக்கமும் கரைத்துண்டுகளை நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, கால் இன்ச்சில் தையுங்கள். தைத்த உடனே இஸ்திரி. தையலிடத்தை அடர்நிறத் துணியின் பக்கமாகச் சாயுங்கள், இல்லையென்றால் வெளிர் துணிக்கடியில் நிழல்போல் தெரியும்.

கையால் சாப்பிடுகிறவர்கள் டம்ளரை இடது கையால் எடுப்பார்கள், அதனால் அது இடதுபக்கம் மேலே உட்காரும். சாம்பார் சொட்டுவது வலதுபக்கம். கண்டாங்கிக் கரையில் ஒரு பகுதி அடர்ந்தும் ஒரு பகுதி வெளிறியும் இருந்தால் அடர்ந்ததை வலப்பக்கம் கொடுங்கள். எம்பிராய்டரி ஆசை உள்ளவர்களுக்கு இடப்பக்கக் கீழ்மூலையை ஒதுக்கியிருக்கிறேன். டம்ளரும் மறைக்காது, குழம்பும் எட்டாது. அந்தப் பூவை இந்தக் கட்டத்திலேயே தைத்துவிடுங்கள். மூன்று அடுக்காகிவிட்டால் ஊசி இறங்குவது கஷ்டம்.

8. அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, கோடு தைத்தல்

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க மேசையில் விரித்து, மூலைகளை டேப்பால் ஒட்டி இழுத்து வையுங்கள். அதன்மேல் ஈரிழைத் துணி, அதன்மேல் மேல் துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே நீவிவிடுங்கள். பிறகு கை ஊசியால் பெரிய பெரிய ஓட்டுத் தையல், நான்கு விரற்கடைக்கு ஒரு வரிசை. குண்டூசியே போதும் என்று இதை விட்டவர்களின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓரிடத்திலாவது துணி மடிந்து தைக்கப்பட்டிருக்கும். பத்து நிமிட வேலைக்குச் சோம்பி, அரைமணி நேரம் பிரிப்பார்கள்.

மெஷினில் தையலின் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். பொடித் தையல் அடுக்கைச் சுருக்கும். முதல் கோடு நட்டநடுவில், மேலிருந்து கீழ். அடுத்தது அதற்கு வலப்புறம் இரண்டு இன்ச் தள்ளி, அதற்கடுத்தது இடப்புறம். இப்படி நடுவிலிருந்து வெளியே போனால் உபரித் துணி ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பின்னால் வெட்டுப்படும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் அந்த உபரி நடுவில் மாட்டிக்கொண்டு கொப்பளமாகும்.

எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தைத்தால் மேட் சாய்சதுரமாகத் திருகிக்கொள்ளும். ஒன்றை மேலிருந்து, அடுத்ததைக் கீழிருந்து தையுங்கள். மேல் துணி முன்னால் தள்ளப்பட்டு அலை எழுந்தால், மெஷினின் பாதம் அதிகமாக அழுத்துகிறது என்று பொருள். அழுத்தத் திருகை ஒரு சுற்று தளர்த்துங்கள்.

9. சமப்படுத்தி வெட்டுதல்

18க்கு 13 அட்டை ஒன்றை வெட்டி, பக்கத்துண்டுகள் இருபுறமும் சமமாக வரும்படி மேட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். ஸ்கேலால் ஒவ்வொரு பக்கமாக அளப்பதைவிட இது சரி. ஆறுக்கும் ஒரே அட்டை.

10. பைப்பிங்

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். மேட்டின் அடிப்பக்கத்தில், ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். மூலையில் தொடங்கக் கூடாது, அங்கே ஏற்கெனவே தடிமன் அதிகம். பட்டையின் வெட்டிய விளிம்பு மேட்டின் விளிம்போடு சேர்ந்திருக்கட்டும். முதல் 6 இன்ச்சைத் தைக்காமல் வாலாக விட்டு, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் தையுங்கள்.

மூலை வருவதற்கு ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே நிறுத்தி, பின்தையல் போட்டு, நூலை வெட்டுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கடைசிவரை தைத்துவிட்டு, மூலை ஏன் மடிய மறுக்கிறது என்று என்னிடம் வருவார்கள். நிறுத்திய இடத்தில் பட்டையை மேலே மடித்தால் சாய்வாக ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பைக் கலைக்காமல் பட்டையை அடுத்த பக்கத்தின் மேலாகக் கீழே இறக்கி, விளிம்பிலிருந்தே மறுபடி தையுங்கள். முன்பக்கம் திருப்பும்போது தபால் உறைபோல் மூலை தானே அமரும்.

நாலு பக்கமும் சுற்றி வந்ததும் இரண்டு வால்களையும் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் எல்லா மடிப்பும் ஓரிடத்தில் குவிந்து முடிச்சுபோல் தடிக்கும். பட்டையை முன்பக்கம் திருப்பி, முதல் தையலை அது மறைக்கும்படி வைத்து, மடிப்பை ஒட்டி ஒரு தையல். கையால் ஒளிதையல் போட்டால் இன்னும் அழகு, ஆனால் வாரம் ஒருமுறை துவைக்கும் சாமானுக்கு மெஷின் தையல்தான் உழைக்கும். ஓட்டுத் தையல்களைப் பிரித்து எடுத்தால் மேட் தயார்.

11. கறை, துவைப்பு, சேமிப்பு

மஞ்சள் கறைமேல் சோப்பு பட்டதும் சிவக்கும். பயந்து பிளீச்சிங் போடாதீர்கள், துணியின் சாயம்தான் போகும். மஞ்சள் காரத்தில் சிவப்பாகும், அலசினால் பழையபடி மஞ்சளாகும், அவ்வளவுதான். சோப்புப் போட்டு அலசிவிட்டு, கறை பட்ட இடம் வெயிலைப் பார்க்கும்படி காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, ஒன்றிரண்டு வெயிலில் மங்கிவிடும். கறை இல்லாத மேட்டை மட்டும் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள், துணிச்சாயமும் வெயிலில் வெளுக்கும்.

எண்ணெய் சிந்தினால் தண்ணீருக்கு முன் கடலை மாவைத் தூவி, பத்து நிமிடம் கழித்துத் தட்டிவிட்டுத் துவையுங்கள்.

அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை இதன்மேல் வைக்காதீர்கள். இந்தத் தடிமன் தட்டுச் சூட்டைத்தான் தாங்கும். சூடும் ஆவியும் கீழே இறங்கினால் மரமேசையின் பாலிஷில் வெள்ளைத் தடம் விழும். குக்கருக்குப் பிரிமணை இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது கஞ்சி போட்ட மேட்டுகளை அப்படியே பீரோவில் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும். அலசி, நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் அதே மடிப்பில் நாளடைவில் துணி வெடிக்கும். வாழையிலை போட்டுச் சாப்பிடும் நாளில் இவற்றுக்கு லீவு. இலை இவற்றைவிட நீளம், ரசம் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.